நோர்பரி நரிக்கு ஒரு பொய்க்காகம்

எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் காகம் இருக்கிறது. சமையலறை ஜன்னல் ஓரத்தில், மனைவியின் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்தபடி நிற்கும். வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஏன் என்று கேட்பார்கள். நான் கதை சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணீர் ஆறிவிடும் என்று மனைவி எச்சரிப்பாள். ஆறட்டும். இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.

புரட்டாசி வந்தால் சனிக்கிழமைகளில் என் மனைவி விரதம். காலையில் தலைக்கு முழுகி, எள்ளெண்ணெய் விளக்கு வைத்து, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டி, சோறும் நாலைந்து மரக்கறியும் சமைப்பாள். அதுவரை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சமைத்ததில் முதல் பிடியை வாழையிலைத் துண்டில் வைத்துப் பின்வளவு மதிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். காகம் வந்து தின்ன வேண்டும். காகம் தின்னாமல் அவள் வாயில் ஒரு பருக்கை படாது. அவள் சாப்பிட முதல் நான் சாப்பிடக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. ஆனால் கலியாணம் கட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நாங்கள் இருப்பது லண்டனில், நோர்பரியில். நோர்பரிக் காகத்துக்கு எங்கள் சோறு அவசரமில்லை. தெருமுனையில் கோழிப் பொரியல் கடை இருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் சிப்ஸ் சிந்திக் கிடக்கிறது. அவித்த பருப்புக்கும் பூசணிக்காய்க் கறிக்கும் அது ஏன் இறங்கி வரவேண்டும்? புறா வரும். அணில் வரும். கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு மக்பை என்று ஒன்று வரும். அதுவும் காகத்தின் சொந்தக்காரன்தான், புத்தகத்தில் இருக்கிறது என்று நான் வாதாடிப் பார்த்தேன். அதில் வெள்ளை இருக்கிறது என்று மனைவி ஒரே வார்த்தையில் வழக்கைத் தள்ளுபடி செய்தாள்.

நான் குரோய்டனில் ட்ராம் ஓட்டுகிறவன். சனிக்கிழமைகளில் எனக்கு விடியற்கால ஷிப்ட். வேலை முடிந்து, பசி காதை அடைக்க, வீட்டுக்கு வந்தால் மனைவி ஜன்னலுக்குள்ளால் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நானும் பக்கத்தில் நிற்பேன். எதிர்வீட்டுக் கூரையில் காகம் ஒன்று இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்க்கும். எனக்கு வருகிற கோபத்தில் அந்தக் காகத்தோடு நான் பேசிய பேச்சுகளை இங்கே எழுத முடியாது.

என் அண்ணையிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் இருப்பது டெக்சாஸில். எந்திரப் பொறியியலாளர், ஓய்வுபெற்றவர், வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாதவர். ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரனுடைய ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டிகள் இழுத்துக்கொண்டு போகின்றன என்று, அந்த மனிதனுக்குத் துணைக்குப் போகத் தொடங்கி, கடைசியில் அவரே துவக்கும் கையுமாகப் பெரிய வேட்டைக்காரர் ஆகிவிட்டார். கயோட்டி என்பது நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிறவி. மகா சந்தேகப் பிராணி. அதை ஏமாற்றி வெளியில் கொண்டுவருவதற்கு அவர்கள் விதவிதமான பொய் மிருகங்களை வைப்பார்கள். டிக்கோய் என்று பெயர். அண்ணையின் கராஜில் கார் நிற்க இடமில்லை, அவ்வளவு முயலும் வான்கோழியும் கயோட்டியும் பிளாஸ்டிக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்.

காகத்துக்கும் டிக்கோய் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். ஒரு காகம் நிம்மதியாகத் தின்பதைக் கண்டால் மற்றக் காகம் நம்பி இறங்குமாம். ஆனால் கண்டபடி வாங்காதே என்று கட்டளை போட்டார். தலை நிமிர்ந்து நிற்பது காவல் காகம், அதைக் கண்டால் மற்றவை உஷாராகிவிடும். தலை குனிந்து நிற்பதுதான் தின்னும் காகம், அதை வாங்கு என்றார். வாங்கினேன். மதிலில் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கூரையில் இருந்த காகம் கழுத்தைச் சரித்து இரண்டு தரம் பார்த்துவிட்டு, பறந்து வந்து இறங்கிச் சோற்றில் வாய் வைத்தது. பொய்க்காகம் வைப்பது விரதத்துக்குக் குற்றமா என்று மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, வைத்தது பொய்யாக இருந்தாலும் தின்றது மெய்க்காகம்தானே என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்து இலையைப் போட்டாள்.

அந்த மதிலடியில்தான் நரியும் வந்தது.

லண்டனில் நரி ஒரு புதினமில்லை. ட்ராம் பாதையில் நாளுக்கு ஒன்றாவது எனக்கு முன்னால் குறுக்கே போகும். இது அந்த வருடத்துக் குட்டி, பெண், கால்கள் மட்டும் வளர்ந்து உடம்பு இன்னும் வளராத பருவம். காகம் தின்னும்போது சிந்துகிற பருக்கைகளைப் பொறுக்குவதற்காகச் சனிக்கிழமை மத்தியானங்களில் பட்டப்பகலில் வந்து நிற்கும். மனைவி அதற்கென்று இன்னொரு பிடி சோற்றைக் கீழே வீசுவாள். ஒருநாள் அவள் என்னை அவசரமாகக் கூப்பிட்டு, அதன் கழுத்தைப் பார்க்கச் சொன்னாள்.

கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம். யாரோ வளர்க்கிற நரி, கழுத்துப்பட்டி போட்டிருக்கிறார்கள் என்று நான் அசட்டையாகச் சொன்னேன். பிறகு தொலைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையத்தில் மூடி திருகுகிற புரி தெரிந்தது. பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கடைகளில் விற்கிற பெரிய பிளாஸ்டிக் ஊறுகாய்ப் போத்தலின் வாய் அது. எங்கள் ஆட்கள் அந்தப் போத்தலை எறியமாட்டோம், கழுவி அரிசிமா போட்டு வைப்போம். யாரோ ஒருவர் எறிந்திருக்கிறார். குட்டியாக இருக்கும்போது இது அதற்குள் தலையை விட்டிருக்கிறது. போத்தல் உடைந்து போய், வாய் மட்டும் கழுத்தில் மிஞ்சியிருக்கிறது. நரி வளர்ந்துகொண்டு வந்தது. வளையம் வளரவில்லை.

அது சோற்றை வாயில் எடுத்தது. விழுங்குவதற்காகக் கழுத்தை நீட்டியது. நீட்டிப் பார்த்து, திரும்பவும் நீட்டிப் பார்த்து, முடியாமல் நிலத்தில் துப்பிவிட்டுத் துப்பியதையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய கை தன் கழுத்தில் இருந்தது.

போன மாரிக் குளிரில் அவளுக்குத் தைரோயிட் கட்டி ஒன்றை வெட்டி எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது, கட்டியிலும் ஒரு பயமும் இல்லை. ஆனால் பல கிழமைகள் கஞ்சிகூட இறங்கவில்லை. பிறகு எல்லாம் ஆறிவிட்டது, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னார். தொண்டை ஆறினாலும் பயம் ஆறவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தால்தான் அவளுக்கு இறங்கும். சாப்பாட்டுக்கு உட்கார முதல் அவளுடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிளாஸ் வைப்பது என்னுடைய வேலை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. நான் வைப்பேன், அவள் குடிப்பாள்.

"பசியோட நிண்டு, வாய்க்குள்ள சாப்பாடு இருந்தும் விழுங்கேலாமல் இருக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "அதைக் கழட்டோணும். எப்பிடியெண்டாலும் கழட்டித் தாங்கோ."

முப்பது வருடத்தில் அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, நாடு சுற்றக் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்று.

பக்கத்தில், தோர்ன்டன் ஹீத்தில் நரிகளுக்குத் தொண்டு செய்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருக்கிறார் என்று வேலையிடத்தில் அறிந்து, கூப்பிட்டேன். எழுபது வயதிருக்கும், முழங்கால்வரை றபர் பூட்ஸ், காரெல்லாம் நரி மணம். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது இனியும் வளரும், இன்னும் கொஞ்ச நாளில் வளையம் தோலுக்குள் இறங்கிவிடும், அதற்கு முன் பிடித்தாக வேண்டும் என்றார். ஒரு நீளக் கம்பிக்கூட்டைக் கொண்டுவந்து வளவில் வைத்தார். உள்ளே கடைசியில் ஒரு தகடு. மிருகம் போய் அதில் காலை வைத்தால் பின்னால் கதவு விழும். பூனைச் சாப்பாட்டை வைத்து, கூட்டுக்கு எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும், விழுந்தவுடன் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நரி வந்தது. கூட்டைச் சுற்றி வந்து மணந்தது. பூனைச் சாப்பாட்டை ஏக்கத்தோடு பார்த்தது. ஒரு முன்னங்காலைக்கூட உள்ளே வைக்காமல் போய்விட்டது. அடுத்த நாளும் அதே கூத்து. ஒருமுறை போத்தலுக்குள் தலையை விட்டு அனுபவப்பட்ட பிள்ளை இனி எதற்குள்ளும் தலையை விடுமா?

நான் அண்ணையைக் கூப்பிட்டேன். மனிதனுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். வாழ்நாளில் முதல்தரமாகத் தம்பி தானாகவே தன்னிடம் புத்தி கேட்கிறான். வீடியோவில் கராஜுக்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு பொம்மையாகத் தூக்கிக் காட்டிப் பாடம் நடத்தினார். மாரிகாலம் என்றால் கயோட்டிக்குக் கயோட்டியையே வைக்கலாம், சோடி தேடுகிற காலம். இலையுதிர் காலத்தில் இளசுகள் பசியோடு தனியாகத் திரியும், அதற்குச் சின்ன இரைதான் சரி, முயல் அல்லது இறகு. அசையாத பொம்மை ஒன்றுக்கும் உதவாது, ஆடவேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் அது நேரே வராது, சுற்றிக் காற்றுக்குக் கீழே, காற்று போய்ச் சேர்கிற பக்கமாக வந்து மணந்து பார்க்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், மனித மணம் படக்கூடாது.

"துவக்கு பெரிய விசயமில்லையடா தம்பி," என்றார். "அதின்ர கண்ணை ஒரு இடத்தில கட்டிப்போடோணும். பொம்மையில கண் நிண்டால், மற்ற ஒண்டையும் அது யோசியாது."

நோர்பரியில் பழைய சாமான் விற்கிற தர்மக்கடையில் எனக்கு ஒரு முயல் கிடைத்தது. பற்றரி போட்டால் துள்ளும், காதை ஆட்டும். பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆர் வீட்டுப் பொம்மையோ, எங்கே கிடந்ததோ என்று மனைவி அதை மஞ்சள் தண்ணீரில் அமத்தி எடுத்தாள். வெள்ளை முயல் மஞ்சள் முயலாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஒரு நல்ல காரியம் தொடங்குகிறோம், வெறுமனே தொடங்கலாமா? கார் வாங்கியபோது என்ன செய்தோமோ அதையெல்லாம் கூட்டுக்கும் செய்தோம். கதவில் சந்தனப் பொட்டு, குங்குமம். கூட்டைச் சுற்றிச் சாம்பிராணி. அடியில் ஒரு தேசிக்காய். முயலின் நெற்றியில் வீபூதி. மனைவியை மட்டும் சாட்டமுடியாது, தேங்காய் உடைத்தது நான்தான். சரி இரண்டாகப் பிளந்தது, நல்ல சகுனம் என்று சொல்லி, படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன்.

படம் போய்ச் சேர்ந்த வேகத்தில் தொலைபேசி அடித்தது.

"நீ நரி பிடிக்கப் போறியோ, நரிக்குக் கலியாணம் செய்து வைக்கப் போறியோ?" என்றார் அண்ணை. கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் ஏசினார். மணம் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னவனுக்குச் சாம்பிராணிப் புகையில் முயல் படம் அனுப்பியிருக்கிறாய் என்றார். பின்னால் நின்ற மனைவிக்குக் கேட்கும்படிதான் ஏசினார். அவள் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அண்ணையின் ஆட்சி. கூட்டைச் சோடாமாவால் உரஞ்சிக் கழுவினேன். முயலைக் கொடியில் காயப்போட்டேன். கையுறை இல்லாமல் ஒன்றையும் தொடவில்லை. காற்று எங்கள் சமையலறைப் பக்கமிருந்துதான் வளவுக்குள் வருகிறது என்று கண்டுபிடித்து, புகைபோக்கி விசிறியை நிறுத்தி, வீட்டில் பொரிப்பது, தாளிப்பது எல்லாவற்றையும் தடை செய்தேன். சனிக்கிழமை விரதத்துக்குக்கூட அவித்த உருளைக்கிழங்கையே தின்றுகொண்டு ஜன்னலடியில் காவல் இருந்தோம். மணமில்லாத முயல் மணமில்லாத கூட்டுக்குள் நின்று உற்சாகமாகத் துள்ளியது. துள்ளித் துள்ளிப் பின்னால் போய், தகட்டில் ஏறி, கதவை விழுத்தித் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது.

அடுத்தது இறகு. பட்மின்டன் விளையாடுகிற இறகுப் பந்து ஒன்றைப் பிரித்து, இறகுகளை மெல்லிய கம்பியில் கட்டிக் காற்றில் ஆடவிட்டேன். அதற்கு மூன்றாம் வீட்டுப் பூனை விழுந்தது. அது கூட்டுக்குள் இருந்து ஒரு நீதிபதி மாதிரி என்னைப் பார்த்தது, திறந்துவிட்டதும் அவசரப்படாமல் நடந்து போனது. வெள்ளைக்காரப் பெண்மணிக்குத் தகவல் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு தொலைபேசியில் கேட்டது.

நரி மட்டும் கிட்ட வரவில்லை. முன்பு மதிலடிவரை வந்து நின்றது, இப்போது வளவின் கோடியில், கொட்டிலுக்குப் பின்னால் இருந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். விலா எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. நான் காற்றுத்திசையைத் திரும்பவும் கணக்குப் போட்டேன். கூட்டைத் திரும்பவும் கழுவினேன். அண்ணை டெக்சாஸில் இருந்து புதுப் புது யோசனை சொன்னார். ஓடி ஓடிச் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை என்ற எரிச்சலில், இந்த நரிக்குப் பிழைக்கிற எண்ணம் இல்லைப் போல இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தனை நாளும் பேசாமல் இருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அத்தான்ர டெக்சாஸில ஆக்களின்ர மணம் எண்டால் துவக்கு," என்றாள். "இஞ்ச ஆக்களின்ர மணம் எண்டால் சோறு. அவள் எங்கட மணத்துக்குத்தான் வந்தவள். நீங்கள் அதைக் கழுவிப்போட்டியள்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருட வேட்டைக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். வாயெடுத்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நரி பயமில்லாமல் வந்து வாய் வைத்தது எந்த நாளில்? சனிக்கிழமை. எந்த நேரத்தில்? சாம்பிராணி மணந்து, கத்தரிக்காய் பொரிந்து, மதிலில் இலை வைத்த பிறகு. காகம் குனிந்து தின்றுகொண்டு நிற்கும்போது. நாங்கள் அதைக் கவனிக்க முதலே அது எங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பாடமாக்கி வைத்திருந்தது. அந்த மணத்தைத்தான் நான் கையுறை போட்டுக்கொண்டு உரஞ்சி உரஞ்சி அழித்திருக்கிறேன்.

அண்ணைக்கு இதைச் சொல்ல எனக்குப் பயம். மனைவியே சொன்னாள். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப மணம் உம்மட பாடு, பிள்ளை," என்றார். "ஆட்டம் மட்டும் என்ர பாடு. அந்தக் காகத்தை விறைச்சுப்போய் நிக்க விடாதேங்கோ."

அடுத்த சனிக்கிழமை நான் லீவு போட்டேன். மனைவி முழுகி, விளக்கு வைத்து, சாம்பிராணித் தட்டோடு வீட்டைச் சுற்றி வந்து, அப்படியே வளவுக்குள் இறங்கிக் கூட்டையும் ஒரு சுற்றுச் சுற்றினாள். புகைபோக்கி விசிறி முழு வேகத்தில். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் பொரிந்தன. அந்த மணத்தில் எனக்கே கூட்டுக்குள் போகலாம் போல இருந்தது. ஜன்னல் திரை தொங்குகிற சுருள் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, பிளாஸ்டிக் காகத்தின் காலடியில் பொருத்தினேன். காற்றுப் பட்டால் அது குனிந்து நிமிர்ந்து தலையாட்டியது. அதைக் கூட்டுக்குள் கடைசியில், தகட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். இலையை அதற்கு முன்னால் வைக்க வேண்டும்.

இலையோடு வந்த மனைவி கூட்டு வாசலில் நின்றாள். இருந்தது ஒரு பிடி, முதல் பிடி, காகத்தின் பிடி. அதைக் கூட்டுக்குள் வைத்தால் காகம் எடுக்க முடியாது.

"மதிலிலயும் கொஞ்சம் வைக்கலாமே," என்றேன்.

"வைச்சால் கீழ சிந்தும். அதைப் பொறுக்கிப்போட்டுப் போயிடுவாள்," என்றாள். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தாள். "இண்டைக்கு அவள் முதல் சாப்பிடட்டும். காகம் பொறுத்துக்கொள்ளும்."

குனிந்து இலையைத் தகட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தாள். இத்தனை வருடப் புரட்டாசியில் அவள் அந்த ஒழுங்கை மாற்றியதை நான் கண்டதில்லை.

ஜன்னலடியில் நின்றோம். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய தூறல் போட்டது. அப்படி வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் நரிக்குக் கலியாணம் என்று நாங்கள் சொல்வோம். அண்ணை ஏசியது நினைவு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது, மனைவி முழங்கையால் இடித்தாள். கூரையில் இருந்த காகம் இறங்கி வந்து கூட்டின் மேல் உட்கார்ந்தது. உள்ளே ஒருவன் தன்னுடைய பங்குக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, அது போட்ட கூச்சலில் தெருவே விழித்திருக்கும். எல்லாம் கெட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் அந்தச் சத்தம்தான் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த நரியைக் கிளப்பியது. காகம் கத்தினால் மதிலடியில் சோறு என்று அதற்குத் தெரியும்.

வந்தது. சுற்றிக் காற்றுக்குக் கீழே போகவில்லை. நேரே வந்தது. கூட்டு வாசலில் நின்று மணந்தது. பொய்க்காகம் தலையை ஆட்டியது. நரியின் கண் அதிலே போய் நின்றது. ஒரு கால் உள்ளே, அடுத்த கால், வால் நுனியும் உள்ளே. மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கதவு விழுந்தது.

மனைவி தன் பழைய நூற்சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கூட்டை மூடினாள், இருட்டாக இருந்தால் பயப்படாது என்று பெண்மணி சொல்லித் தந்திருந்தார். பயப்படாதே பிள்ளை, பயப்படாதே என்று தூறலில் நனைந்துகொண்டு சேலைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாள். பெண்மணி வந்தார். தடித்த கையுறையோடு நரியைப் பிடித்து, சின்ன வெட்டுக்குறடால் வளையத்தை ஒரே அழுத்தில் வெட்டினார். அது டக்கென்று விட்டது. அடியில் தோல் புண்ணாகிச் சிவந்து இருந்தது. ஆழமில்லை, சரியான நேரம் என்றார். மருந்து போட்டுச் சில நாள் வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். சிதறிய சோற்றைக் காகம் வந்து கொத்தித் தின்றது. ஆனாலும் மனைவி சாப்பிடவில்லை. நரி கொஞ்சம் சாப்பிட்டது, விழுங்கியது என்று பின்னேரம் செய்தி வந்த பிறகுதான் இலையைப் போட்டாள். நான் தண்ணீர் வைத்தேன். அவள் கவளத்துக்கு ஒரு மிடறு குடித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை நரியைக் கொண்டுவந்தார்கள். கதவைத் திறந்ததும் அது ஒரு கோடு போல ஓடிக் கொட்டிலுக்குப் பின்னால் மறைந்தது. திரும்பியும் பார்க்கவில்லை. அது நல்ல அறிகுறி என்று பெண்மணி சொன்னார். மனைவியும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள், ஆனால் முகம் வாடிவிட்டது. இந்த வீட்டில்தான் தன்னைப் பூட்டினார்கள் என்று அதற்கு நினைவிருக்கும், இனி இந்தப் பக்கம் வராது என்று சமைக்கும்போது இரண்டு மூன்று தரம் சொன்னாள். வராவிட்டால் அதுதான் நரிக்கு நல்லது என்று நான் சொன்னேன். அது சரிதான், ஆனால் அவள் காதில் விழவில்லை.

வழமைபோல மதிலில் இலை வைத்தோம். பக்கத்தில் பொய்க்காகம், அதே சுருள் கம்பியோடு. கீழே இன்னொரு பிடி. மெய்க்காகத்தைக் காணவில்லை. போன கிழமை பட்ட அவமானம் இன்னும் தீரவில்லைப் போலும். பசி என் வயிற்றைக் கிள்ளியது.

கொட்டிலின் பின்னால் ஒரு மூக்குத் தெரிந்தது.

அது அவசரப்படவில்லை. மதிலடிக்கு வந்து, மேலே தலையாட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் காகத்தை நிமிர்ந்து பார்த்தது. உன்னை எனக்குத் தெரியும் என்பதுபோல ஒரு பார்வை. பிறகு குனிந்து வாய் நிறையச் சோற்றை எடுத்தது. கழுத்தை நீட்டியது. மருந்துக்காக மயிர் வழித்த இடத்தில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, தெளிவாகத் தெரிந்தது. போய்விட்டது. அடுத்த வாய். அதுவும் போய்விட்டது. கத்தரிக்காய்ப் பொரியலை மென்றுகூடப் பார்க்கவில்லை.

மனைவியின் கை கழுத்தில் இருந்தது. சோறு முழுவதும் முடிந்து, நரி நிலத்தை நக்கிவிட்டுப் போகும்வரை அவள் அசையவில்லை. பிறகு கையைக் கீழே விட்டாள்.

"வாங்கோ, சாப்பிடுவம்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மதிலில் இலை வைத்தபடியே இருந்தது. "காகம் இன்னும் வரேல்லையே," என்றேன்.

"வந்தவ சாப்பிட்டிட்டா," என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவளும் பசியில் இருந்தாள், வேகமாகச் சாப்பிட்டாள். பருப்பும் சோறும், பூசணிக்காய், பிறகு பொரியல். நான் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொள்ளும்போதுதான் கவனித்தேன், அன்று அவளுக்குத் தண்ணீர் வைக்க மறந்திருக்கிறேன். எழும்பப் போனேன். அவள் இன்னொரு கவளத்தை உருட்டி வாயில் வைத்து, விழுங்கிவிட்டு, அந்தக் கத்தரிக்காயை இந்தப் பக்கம் தள்ளுங்கோ என்றாள். நான் தள்ளினேன்.